பத்துக்குப் பத்து ரூம், பின்சந்துல தறி: வீட்டுல பாடி ரெக்கார்ட் பண்ண நாங்க வாங்குன சாமானெல்லாம் எப்படி இருக்கு

எங்க வீடு ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம். பின்சந்துல விசைத்தறி ஓடுது, பகல் ராத்திரி பாக்காம டக்கு டக்குன்னு கேட்டுட்டே இருக்கும், இங்கயே பொறந்து வளந்ததால எங்க காதுக்கு அது தெரியறதே இல்ல, ஆனா மைக்குக்கு தெரியும். மாடியில இருக்குற பத்துக்குப் பத்து ரூம்லதான் நானும் என் தங்கச்சியும் பாடி ரெக்கார்ட் பண்றோம். அவ ஏழு வயசுல இருந்து பாட்டு கத்துக்கிட்டவ, சாமி பாட்டுதான் அதிகம் பாடுவா. நான் பழைய சினிமா பாட்டு பாடுவேன், எனக்கு கீழ் ஸ்தாயிதான் நல்லா வரும். ரெண்டு பேர் குரலும் சுத்தமா வேற வேற. சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு நெறைய பேரு "என்ன மைக்குங்க வெச்சிருக்கீங்க, நானும் அதையே வாங்கிக்கறேன்"னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் மூணு வருஷத்துல வாங்குனது, வித்தது, திருப்பி அனுப்புனது எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

முதல்ல வாங்குனது ஆடியோ டெக்னிகா ஏடி2020. கன்டென்சர் மைக், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாவே மைக்குக்குப் போற கரண்ட்) குடுத்தாதான் வேலை செய்யும், அதுக்காக கூடவே மைக்கை கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூணாவது ஜெனரேஷன் இன்டர்ஃபேஸும் வாங்குனோம். பார்சல் பிரிச்ச அன்னிக்கு ராத்திரியே தங்கச்சி ஒரு பாட்டு பாடுனா, போட்டுக் கேட்டா கெணத்துக்குள்ள நின்னு பாடுன மாதிரி இருக்குது. போன்ல ரெக்கார்ட் பண்ணப்ப கூட இவ்ளோ எதிரொலி தெரியல. எனக்கு மனசு உடைஞ்சு போச்சு, மைக் சரியில்ல, இன்னும் பெரிய மைக் வாங்கணும்னு நெனச்சேன். கூட்டாளி ஒருத்தர் நல்ல வெலையுள்ள கன்டென்சர் வெச்சிருந்தாரு, ஒரு நாளைக்கு கடன் வாங்கிட்டு வந்து அதே எடத்துல வெச்சுப் பாத்தேன், எதிரொலி இன்னும் தெளிவா விழுந்துச்சு, கூடவே தறி சத்தமும். அப்பத்தான் உறைச்சுது, மைக்கு ரெண்டுமே அதோட வேலையை ஒழுங்காத்தான் செய்யுது, ரூம்ல என்ன சத்தம் இருக்குதோ அதை அப்படியே எடுத்துக் குடுக்குது.

அதனால மைக்குக்கு முன்னாடி ரூமைப் பத்தி சொல்லிடறேன், காசு செலவு பண்ணதுல எங்களுக்கு அதிகமா திரும்பி வந்ததும் அதுலதான். எங்க ரூம் நாலு பக்கமும் சிமென்ட் பூசுன சுவரு, கீழ டைல்ஸ், மேல கான்கிரீட். நடுவுல நின்னு ஒரு தடவ கை தட்டுனா தட்டுன சத்தத்துக்கு அப்புறம் ட்ர்ர்ர்னு ஒரு அதிர்வு ஓடும், எதிரெதிர் சுவத்துல சத்தம் பந்து மாதிரி மாறி மாறி அடிக்கறதால வர்றது. பவானி இங்க இருந்து பக்கம்தான், வீட்டுல ஜமுக்காளத்துக்கு பஞ்சமே இல்ல, ரெண்டு சுவத்துலயும் ஆணி அடிச்சு ஜமுக்காளத்தை தொங்க விட்டேன். கை தட்டுனா அந்த ட்ர்ர்ர் போயிருச்சு, சந்தோஷமா பாடிப் பாத்தா கெணறு மட்டும் அப்படியே இருக்குது. அப்புறம் ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்குற ஃபோம் ஒரு இஞ்ச் தடிமன்ல வாங்கி ஒட்டுனேன், ரெண்டு வாரத்துல பாதி கழண்டு விழுந்துச்சு, ஒட்டி இருந்ததும் பெருசா ஒண்ணும் செய்யல. துணியும் மெல்லிசு ஃபோமும் மேல் சத்தத்தை மட்டும்தான் உறிஞ்சும், குரலோட உடம்பு இருக்குற நடு சத்தத்துக்கும் கீழ் சத்தத்துக்கும் தடிமன் வேணும். மேல் சத்தத்தை மட்டும் உறிஞ்சிட்டு மத்ததை அப்படியே விட்டா குரல் மூடி போட்ட பானை மாதிரி ஆயிரும்.

கடைசியில கைகொடுத்தது பஞ்சு மெத்தை. வீட்டுல பழைய மெத்தை ரெண்டு கெடந்துச்சு, மெத்தை தைக்கறவரைக் கூப்ட்டு பஞ்சைப் பிரிச்சு அடிச்சு நாலு இஞ்ச் தடிமனுக்கு, ஆள் உயரத்துக்கு, மூணடி அகலத்துல மூணு மெத்தையா தைச்சு வாங்குனோம். அதை சுவத்தோட ஒட்டி வெக்கல, சுவத்துக்கும் மெத்தைக்கும் நடுவுல நாலு இஞ்ச் சந்து விட்டு மர சட்டத்துல நிறுத்தியிருக்கோம், அந்த காத்து சந்து இருந்தா அதே மெத்தை இன்னும் கீழ் சத்தம் வரைக்கும் உறிஞ்சும். பாடறவங்க முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. கார்டியாய்ட் மைக் (முன்பக்க சத்தத்தை எடுத்து பின்பக்கத்தை பெரும்பாலும் விட்டுடற வகை) பாடறவங்க மூஞ்சியையும் அவங்களுக்குப் பின்னாடி இருக்குற சுவத்தையும்தான் பாக்குது, அதனால மெத்தை வேண்டியது முதுகுப் பக்கம். நெறைய பேரு மைக்குக்குப் பின்னாடி ஃபோம் வளைச்சு வெக்கறாங்க, அந்தப் பக்கம் மைக் ஏற்கெனவே காது மூடித்தான் இருக்குது. மெத்தை வெச்ச அன்னிக்கு அதே ஏடி2020ல தங்கச்சி பாடுனதை போட்டுக் கேட்டோம், அம்மா கீழ இருந்து மேல வந்து "இது நம்ம பாப்பா பக்கத்துல ஒக்காந்து பாடுற மாதிரியே இருக்குது"ன்னு சொன்னாங்க.

தங்கச்சிக்கு சரியாப் போச்சு. எனக்கு ஆகல, என் குரல்ல ஒரு எடம் மட்டும் குடத்துல அடிச்ச மாதிரி முழங்குச்சு. நான் ஈக்வலைசர்ல (மேல் சத்தம் கீழ் சத்தத்தை தனித்தனியா ஏத்தி எறக்கறது) அங்கங்க வெட்டிப் பாத்தேன், வெட்டுனா மத்த எடமெல்லாம் சோகை புடிச்சுப் போகுது. தங்கச்சிதான் ஹெட்போன் மாட்டிட்டு ரெண்டு மூணு தடவ கேட்டுட்டு "அண்ணா, எல்லா ஸ்வரமும் முழங்கல, நீ மந்தர ஸ்தாயி தைவதத்துக்கு எறங்கறப்ப மட்டுந்தான் முழங்குது"ன்னா. அவ சொன்னதை வெச்சு கணக்குப் போட்டேன். எனக்கு ஒரு கட்டை சுருதி, என் ஸட்ஜம் ("ச") 131 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ தைவதம் ("த") 110 பக்கம். எங்க ரூம் டேப் வெச்சு அளந்தா பத்தடி மூணு இஞ்ச், 3.12 மீட்டர். நம்ம ஊரு வெக்கையில சத்தம் செகண்டுக்கு 349 மீட்டர் பக்கம் ஓடும், அதை 3.12ஆல வகுத்தா 112. அந்த ரூம் தானா ரீங்காரம் போடுற ஒரு எடம் அது, அதுல போய் என் தைவதம் உக்காந்துக்குது. தங்கச்சிக்கு அஞ்சு கட்டை, அவ ஸட்ஜமே 196, கீழ பஞ்சமத்துக்கு எறங்குனாலும் 147தான், 112 பக்கம் அவ போறதே இல்ல. ஒரே ரூம் அவளுக்கு நல்லா இருந்து எனக்கு மட்டும் படுத்துனது இதனாலதான்.

இந்த 112 ரீங்காரம் சுவத்து ஓரத்துலயும் ரூமுக்கு நட்ட நடுவுலயும்தான் அதிகமா இருக்கும், சுவத்துல இருந்து கால் பங்கு தூரத்துல கிட்டத்தட்ட செத்துப் போயிரும். நான் நின்னது நட்ட நடுவுல. எங்க ரூம் உயரமும் ஏறக்குறைய பத்தடிதான், நின்னா வாய் இருக்குறது அஞ்சடியில, உயரத்துலயும் நடு. நீளம் அகலம் உயரம் மூணுலயும் நடுவுல நின்னு பாடிட்டு இருந்திருக்கேன். அடுத்த நாள் சுவத்துல இருந்து ரெண்டரை மூணடி தள்ளி, கீழ ஜமுக்காளம் விரிச்சு சம்மணம் போட்டு ஒக்காந்து பாடுனேன், ஒக்காந்தா வாய் தரையில இருந்து ரெண்டரை அடியில வருது. அந்த முழக்கம் பெரும்பாலும் போயிருச்சு. மெத்தையால அதை நிறுத்த முடியாது, 110 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே மூணு மீட்டருக்கு மேல, நாலு இஞ்ச் பஞ்சு அதை பெருசா ஒண்ணும் பண்ணாது. எடம் மாறி ஒக்காந்ததுதான் மருந்து, அதுக்கு பத்து பைசா செலவு இல்ல. உங்க ரூம் வேற அளவுன்னா உங்க நம்பர் வேற வரும், மீட்டர்ல அளந்து 349ஐ அதால வகுத்துப் பாருங்க, உங்க சுருதி தெரிஞ்சா எந்த ஸ்வரத்துல மாட்டுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, ஜன்னல். தறி சத்தம் வர்ற ஜன்னலுக்கு முதுகு காட்டி பாடுறதுதான் சரின்னு தோணும், உண்மையில ஜன்னலைப் பாத்து ஒக்காரணும், அப்பதான் மைக்கோட பின்பக்கம் ஜன்னலைப் பாக்கும். அப்புறம் தூரம். நாங்க சென்டிமீட்டர்லாம் பாக்கறதில்ல, சாணும் முழமும்தான். ஒரு முழம் தள்ளி பாடுனவ ஒரு சாணுக்கு வந்தா தூரம் பாதியாகுது, நேரா வர்ற குரல் 6 டெசிபல் ஏறும், ரூமோட எதிரொலியும் தறியும் அப்படியே இருக்கும். பெரிய மைக் வாங்கி கெடைக்கற வித்தியாசத்தை விட இது பெருசு.

இப்ப சாமானுக்கு வர்றேன்.

ஸ்கார்லெட் 2ஐ2 மூணாவது ஜெனரேஷன் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. கெயின் (மைக்ல இருந்து வர்ற சத்தத்தை எவ்ளோ ஏத்தறதுங்கற அளவு) திருகுக்கு சுத்தி பச்சை ஆரஞ்சு சிவப்புன்னு வளையம் எரியும், பாடுறப்பவே சிவப்பு வருதான்னு ஓரக்கண்ணால பாத்துக்கலாம், நாங்க உச்ச ஸ்தாயி எடத்தை முழு சத்தத்துல பாடச் சொல்லி அது மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி வெச்சுக்கறோம், 24 பிட்ல எடுக்கறப்ப கொறச்சலா எடுத்தா ஒண்ணும் கெட்டுப் போகாது, கிழிஞ்சா மட்டும்தான் போச்சு. இதுல ஏர்னு ஒரு பட்டன் இருக்குது, மேல் சத்தத்தை தூக்கி விடும், என் மாதிரி கொஞ்சம் மந்தமான குரலுக்கு அழகா இருக்குது, தங்கச்சி குரல் ஏற்கெனவே கீச்சு பக்கம்ங்கறதால அவளுக்கு அணைச்சே வெச்சிருக்கோம். இதோட கெயின் 56 டெசிபல். அடுத்து 2023ல வந்த நாலாவது ஜெனரேஷன் 2ஐ2ல 69 டெசிபல். புதுசா வாங்கறவங்க, முக்கியமா டைனமிக் மைக் (கீழ வர்ற எஸ்எம்58 மாதிரி மேடை மைக் வகை) வாங்கப் போறவங்க, பழசு கொஞ்சம் வெல கம்மியா கெடைச்சாலும் புதுசுக்கே போங்க, இந்த 13 டெசிபல் ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன். அதே நாலாவது ஜெனரேஷன்ல சோலோ மாடலுக்கு 57தான், பேரைப் பாத்து ஏமாந்துராதீங்க.

அடுத்தது ஷூர் எஸ்எம்58. 1966ல வந்த மைக், கோயில் திருவிழா மேடையில இருந்து கல்யாண கச்சேரி வரைக்கும் நாம பொறந்ததுல இருந்து பாத்துட்டு இருக்குறது. அதனாலயே வீட்டு ரெக்கார்டிங்குக்கு அதை யாரும் மதிக்கறதில்ல. எனக்கு இது வந்த கதை கொஞ்சம் வருத்தமானது. ஆன்லைன்ல ஒருத்தர் பாதி வெலைக்கு புதுசுன்னு போட்டிருந்தாரு, ஆசைப்பட்டு வாங்கிட்டேன், டப்பா எழுத்து பை எல்லாமே அச்சு அசலா இருந்துச்சு. பாடுனா தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி. சந்தேகப்பட்டு தங்கச்சி கேக் செய்ய வாங்கி வெச்சிருந்த டிஜிட்டல் தராசுல வெச்சுப் பாத்தேன், ஒரிஜினல் 298 கிராம் இருக்கணும், இது 240ஐ தாண்டல. மேல இருக்குற வலையைக் கழட்டிப் பாத்தா கேப்ஸ்யூல் (சத்தத்தைப் புடிக்கற பாகம்) அசையாம ஒட்டி வெச்சிருந்தாங்க, ஒரிஜினல்ல அது ரப்பர் மேல ஒக்காந்து மெத்துனு அசையும், மைக்கைக் கையில புடிச்சு ஆட்டுனாலும் சத்தம் கேக்காம இருக்கறதுக்கு அதுதான் காரணம். பணம் திரும்ப வாங்க ஒரு மாசம் அலைஞ்சேன். அப்புறம் பில்லு போட்டு டீலர்கிட்டயே போய் வாங்குனேன், பத்தாயிரம் பக்கம் ஆச்சு. உங்க கிட்ட எவ்ளோ நல்ல ஆஃபர் வந்தாலும் இந்த ஒரு மைக்கை மட்டும் பில் இல்லாம, ஆள் தெரியாம வாங்காதீங்க.

ஒரிஜினல் 58ல நான் பாடுன முதல் பாட்டை இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன். நாலு விரல் தூரத்துல, வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் சாய்ச்சு. டைனமிக் கார்டியாய்ட்டுக்கு கிட்ட போகப் போக கீழ் சத்தம் கூடும், என் குரலுக்கு அது ஒரு போர்வை போத்துன மாதிரி இதமா இருக்குது, ரொம்ப கிட்ட போனா கொழகொழன்னு ஆயிரும், நாலு விரல்தான் சரியான எடம். "ச"வும் "ஸ"வும் காதைக் குத்தல. ஆனா மெதுவா பாடுற எடத்துக்கு 2ஐ2ல கெயினை முக்காவாசிக்கு மேல திருக வேண்டியிருக்குது, தங்கச்சி மென்மையா ஆலாபனை பண்றப்ப திருகு கடைசி வரைக்கும் போயிருது. அதுக்குத்தான் மேல சொன்ன 69 டெசிபல்.

எல்லாரும் சொல்ற ஒண்ணை இங்க சோதிச்சுப் பாத்தேன். டைனமிக் மைக் வெளி சத்தத்தை எடுக்காது, கன்டென்சர் தெரு சத்தம் பூரா எடுக்கும்னு சொல்வாங்க இல்லீங்களா. ஏடி2020யும் 58ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டுக்கும் ஒரே தூரத்துல, ஒரு சாணுல ஒக்காந்து பாடி, அப்புறம் குரல் ரெண்டும் ஒரே அளவுல கேக்குற மாதிரி ஏத்தி எறக்கி வெச்சுட்டு, பாடாத எடத்துல தறி சத்தம் எவ்ளோ இருக்குன்னு கேட்டேன். கிட்டத்தட்ட ஒண்ணுதான். கன்டென்சர்ல தறியோட மேல் சத்தம், அந்த இரும்பு கிலுகிலுப்பு, கொஞ்சம் தெளிவா கேக்குது, டக்கு டக்கு ரெண்டுலயும் ஒரே மாதிரி. 58 நல்லா இருக்குறது அதை நாலு விரல்ல வெச்சு பாட முடியறதாலதான், கன்டென்சரை அவ்ளோ கிட்ட வெச்சா மூச்சும் "ப"வும் அடிச்சு நொறுக்கிரும். அதனால சத்தமான தெருவுல இருக்குறவங்க, ஃபேன் இல்லாம பாட முடியாதவங்க, மெத்தை கித்தை வெக்க எடம் இல்லாதவங்க, உங்களுக்கு 58 போதும், மனசார சொல்றேன்.

தங்கச்சிக்கு 58 ஒத்து வரல. அவ கமகம் பாடுறப்ப ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போற அந்த நெளிவுல ஒரு மினுமினுப்பு இருக்கும், 58ல அது மழுங்கிப் போச்சு. ஏடி2020ல மினுமினுப்பு இருந்துச்சு, ஆனா அவ மெதுவா பாடுற எடத்துல பின்னாடி லேசா உஸ்ஸுனு கேட்டுச்சு. அதோட சொந்த இரைச்சல் 20 டெசிபல், அது அந்த வெலைக்கு நியாயமானது, எங்க ரூம்ல தறி ஓடுற நேரத்துல அது தெரியவே தெரியாது, ஆனா அமைதியான நேரத்துல தெரியுது. அப்புறம் காசு சேத்து ரோட் என்டி1 அஞ்சாவது ஜெனரேஷன் வாங்குனோம். ஆஸ்திரேலியா கம்பெனி, இந்த மாடல் 2023ல வந்துச்சு, சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான். நாங்க குடுத்தது இருபதாயிரத்துக்கு மேல, அதுலயே ஷாக் மவுன்ட் (அதிர்வு ஏறாம மைக்கைப் புடிக்கறது), பாப் ஃபில்டர் ("ப" ஊதறதைத் தடுக்கற வலை), இன்டர்ஃபேஸுக்குப் போற எக்ஸ்எல்ஆர் கேபிள், யுஎஸ்பி கேபிள் எல்லாம் வந்துருது, தனித்தனியா வாங்குற செலவைக் கழிச்சுப் பாத்தா வெல பரவால்ல. யுஎஸ்பில நேரா கம்ப்யூட்டர்ல சொருகலாம், 32 பிட் ஃப்ளோட்ல எடுக்கும், அதாவது சத்தம் எல்லை தாண்டுனாலும் பின்னாடி எறக்கிக்கலாம், இன்டர்ஃபேஸ் இல்லாதவங்களுக்கு அது பெரிய வரம். நாங்க இன்டர்ஃபேஸ் வழியாவே போறோம்.

என்டி1ல நாங்க பரீட்சைக்கு வெச்சிருக்குற வார்த்தை ரெண்டு. ஒண்ணு "சரவணபவ", அதுல ஆரம்பத்துல "ச" சீறும், கடைசிக்கு முன்னாடி "ப" ஊதும், ரெண்டும் ஒரே வார்த்தையில மாட்டும். இன்னொண்ணு "பழம், பள்ளம், பலம்"னு வரிசையா சொல்றது. எதிரொலி இருக்குற ரூம்ல மூணு லகரமும் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போயிரும், கேக்கறவங்களுக்கு "பழம்"னு பாடுனாளா "பலம்"னு பாடுனாளான்னே தெரியாது. மெத்தை, ஒரு சாண், என்டி1, இந்த மூணும் சேந்தப்ப "ழ" தனியா, நாக்கு மடியற சத்தத்தோட கேட்டுச்சு. அதைக் கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு, தங்கச்சி இத்தனை வருஷம் அந்த உச்சரிப்புக்காக பாட்டு டீச்சர்கிட்ட வாங்குன திட்டெல்லாம் வீணாகலன்னு தோணுச்சு. மைக்கை வாய்க்கு நேரா வெக்காம உதட்டுக்கு மேல மூக்கு உயரத்துல வெச்சு கீழ பாக்குற மாதிரி சாய்ச்சிருக்கோம், "ப"வோட காத்து கீழ போயிருது, "ச" சீறலும் கொறையுது. முக்கியமா, இது பக்கவாட்டு மைக், உச்சி முனையில பாடக் கூடாது, தங்கப் புள்ளி இருக்குற பக்கம்தான் முன்பக்கம்.

ஏடி2020ஐ மாமா பையனுக்கு வித்துட்டேன், அவன் கிராமத்துல இருக்கான், தோட்டத்து வீடு, தெரு சத்தமே கெடையாது, அவனுக்கு அது அருமையா இருக்குது. எட்டாயிரம் பக்கம் பட்ஜெட்டுன்னு கேக்குறவங்களுக்கு அமைதியான எடம்னா இன்னமும் அதைத்தான் சொல்றேன்.

ஷூரோட இன்னொரு டைனமிக் மைக் எஸ்எம்7பி வாங்கலாமான்னு வாரத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க. நல்ல மைக், சந்தேகமே இல்ல, அதோட மூத்தது எஸ்எம்7 1973ல வந்துச்சு. ஆனா அது ரொம்ப மெதுவா பேசுற மைக், அதுக்கு 60 டெசிபல் கெயின் வேணும்னு சொல்றாங்க, என்கிட்ட இருக்குற 56ல மெதுவா பாடுனா பத்தாது. அப்ப க்ளவுட்லிஃப்டர் மாதிரி ஒண்ணு நடுவுல போடணும், அது ஒரு 25 டெசிபல் தூக்கிக் குடுக்கும், அதுக்கு தனி செலவு. 2023ல வந்த எஸ்எம்7டிபில அந்த ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்குது, வெல இன்னும் மேல. அந்தப் பணத்துக்கு ஒரு 58, மூணு மெத்தை, நல்ல ஹெட்போன் எல்லாம் வாங்கிட்டு மிச்சமும் இருக்கும். பாட்கேஸ்ட்ல படத்துல பாக்க அழகா இருக்குதுன்னு வாங்காதீங்க.

ஹெட்போன் ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்40எக்ஸ். மூடுன மாடல்தான் பாடறதுக்கு வேணும், திறந்த மாடல்னா உள்ள ஓடுற தம்புரா சத்தம் மைக்ல ஏறிரும், அப்புறம் அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாது. தங்கச்சிக்கு ரெண்டு காதும் மூடுனா சுருதி சேர மாட்டேங்குது, ஒரு பக்கம் கழட்டி விட்டுத்தான் பாடுவா, அதனால கழட்டுன பக்கத்துக்கு சத்தமே போகாம ஒரு பக்கமா திருப்பி வெச்சிருக்கேன். கேபிள் கழட்டி மாட்டலாம், டப்பாவுலயே சுருள் கேபிள் ஒண்ணு நேர் கேபிள் ஒண்ணு தர்றாங்க. இதோட தம்பி எம்20எக்ஸ்ல கேபிள் ஒட்டியே இருக்கும், வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா யோசிச்சுக்கோங்க. குரல் தாமதமா காதுல விழுதுன்னா இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் பட்டனை போட்டுட்டு சாஃப்ட்வேர்ல அந்த ட்ராக்கோட சத்தத்தை அணைச்சிருங்க, தீந்துச்சு. சாஃப்ட்வேர் நாங்க ரீப்பர், 60 நாள் சும்மா போட்டுப் பாக்கலாம், அதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. மைக் ஸ்டேண்டுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், நான் முதல்ல வாங்குன மலிவு ஸ்டேண்டு பாட்டு நடுவுல மெல்ல மெல்ல தலை சாஞ்சு என்டி1ஐ தரையைப் பாக்க வெச்சிருச்சு, நல்ல வேளை தங்கச்சி கை குடுத்து புடிச்சுட்டா.

தறி சத்தத்தை எடுக்க நாய்ஸ் ரிடக்ஷன் ப்ளகின் போட்டுப் பாத்தோம், தறி போச்சு, கூடவே குரல்ல இருந்த ஈரமும் போச்சு, தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிருது. இப்ப என் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்கு கீழயும் அவளுக்கு 120க்கு கீழயும் வெட்டறதோட நிறுத்திக்கறோம், தறியோட தரை அதிர்வு பாதி அதுலயே போயிரும். இன்னொரு தொல்லை இருந்துச்சு, ம்ம்ம்னு ஒரு ரீங்காரம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் இல்லீங்களா, அதுவும் அதோட மடங்கும். லேப்டாப் சார்ஜரோட மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகி வெச்சிருந்தேன், எர்த் இல்ல. சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டுனா சுத்தமா நின்னுருச்சு. இப்பல்லாம் ரெக்கார்ட் பண்றப்ப சார்ஜர் போடறதே இல்ல.

அப்படி பேட்டரியில ஓட்டுறப்பதான் ஒரு நாள் கரண்ட் போச்சு. தறி நின்னுருச்சு, பக்கத்து வீட்டு மோட்டார் நின்னுருச்சு, கீழ ஃபிரிட்ஜ் நின்னுருச்சு, எனக்கு நெனவு தெரிஞ்சு எங்க சந்து அவ்ளோ அமைதியா இருந்து நான் கேட்டதே இல்ல. 2ஐ2 யுஎஸ்பியிலயே கரண்ட் எடுத்துக்குது, மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதுவே குடுத்துருது, அதனால லேப்டாப்ல பேட்டரி இருக்குற வரைக்கும் எதுவும் நிக்காது. தங்கச்சி அப்ப பாடிட்டு இருந்தவ பாட்டை நிறுத்தாம தொடர்ந்து பாடுனா, அன்னிக்கு எடுத்த அந்த டேக்லதான் முதல் தடவையா என்டி1ஓட அந்த 4 டெசிபலுக்கு என்ன அர்த்தம்னு காதால கேட்டேன், பாட்டோட ரெண்டு வரிக்கு நடுவுல அவ மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணம் எதுவுமே இல்ல, தம்புரா மட்டும்தான்.

அதுல இருந்து பேப்பர்ல மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தா எங்க ஏரியா பேரு இருக்குதான்னு அம்மா முதல் ஆளா பாத்து சொல்லிடறாங்க. லேப்டாப்பை முந்தின நாள் ராத்திரியே முழுசா சார்ஜ் போட்டு வெச்சிருவோம், வெயிலுக்கு ரூம்ல மண்பானை தண்ணி, ஒரு விசிறி, ஃபேன் ஓடாதுங்கறதால காலையிலயே குளிச்சுட்டு மேல போயிருவோம். இந்த மாசம் புதன்கிழமைன்னு போட்டிருக்கான், தங்கச்சி ஆஃபீஸ்ல லீவு சொல்லிட்டா, மூணு பாட்டு பாக்கி இருக்குது.